ஒரே ஷூவுக்கு இரண்டு மெயில்: ஏ/பி டெஸ்ட் செய்யும் முறை

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் லெதர் ஷூ, பெல்ட், பர்ஸ் செய்து நேரடியாக ஆன்லைனில் விற்கிறீர்களா? வாங்கியவர்களின் இமெயில் பட்டியலைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஏ என்ற மெயிலும் மறு பாதிக்கு பி என்ற மெயிலும் அனுப்பிப் பாருங்கள். இதுதான் ஏ/பி டெஸ்ட். எந்த மெயில் ஷூவை விற்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

பிரிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டினால் பழைய வாடிக்கையாளர்கள் ஒரு பக்கம், புதியவர்கள் மறுபக்கம் போய்விடுவார்கள். கூகுள் ஷீட்டில் முகவரிக்குப் பக்கத்தில் ராண்ட் ஃபார்முலாவைப் போடுங்கள்: =RAND(). அது ஏதோ ஒரு தற்செயல் எண்ணைத் தரும். வந்த எண்களைக் காப்பி செய்து, மதிப்பை மட்டும் பேஸ்ட் செய்யுங்கள். இல்லாவிட்டால் ஷீட்டைத் தொடும்போதெல்லாம் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். பிறகு அந்த எண்படி வரிசைப்படுத்தி நடுவில் வெட்டுங்கள்.

மாற்றுவது ஒன்றே ஒன்றுதான். தலைப்பு வரி என்றால் இப்படி:

ஏ: "ஆம்பூர் லெதர் ஷூ ரூ.1,899"
பி: "மழையில் நனைந்த ஷூவை வெயிலில் காய வைக்காதீர்கள்"

உள்ளே அதே படம், அதே விலை, அதே பராமரிப்புக் குறிப்பு இரண்டிலும் இருக்கட்டும். அனுப்பும் நேரமும் ஒன்றுதான். ஏ-வை வெள்ளி ஜும்மா நேரத்திலும் பி-யை சனி காலையிலும் அனுப்பினால், நீங்கள் சோதித்தது கிழமையை, தலைப்பை அல்ல.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். மெயிலில் உள்ள படம் இறங்குவதை வைத்துத்தான் அந்தக் கணக்கு வருகிறது. 2021 முதல் ஆப்பிள் மெயில் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடுவதால், திறக்காத மெயிலும் திறந்ததாகப் பதிவாகலாம். கிளிக்கையும் ஆர்டரையும் எண்ணுங்கள். இரண்டு மெயிலின் லிங்க்கிலும் ஏ, பி என்று தனித்தனி அடையாளம் வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒவ்வொரு பாதியிலும் 1,000 பேருக்கு அனுப்பி ஏ-வுக்கு 20 கிளிக், பி-க்கு 26 என்றால் பி ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். 20-க்கு 40 என்றால் நம்பலாம். 100-க்கு 2 கிளிக் 3 ஆகிறதா என்று கண்டுபிடிக்கவே ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 3,900 பேர் தேவை. ஆகவே பட்டியல் சின்னதாக இருந்தால் பட்டன் நிறத்தில் மெனக்கெட வேண்டாம். விலை, இலவச டெலிவரி, சைஸ் மாற்றித் தரும் வாக்கு போன்ற பெரிய விஷயங்களைச் சோதியுங்கள்.

இரண்டு மணி நேரத்தில் முடிவு கட்டாமல் இரண்டு நாள் பொறுங்கள். ஜெயித்த விதத்தை அடுத்த மாதம் பெல்ட்டுக்கும் போட்டு, திரும்பவும் ஜெயிக்கிறதா என்று பாருங்கள். கிளிக் கூடினாலும் ஸ்பேம் புகார் 1,000-க்கு 3-ஐ நெருங்கினால் அந்தத் தலைப்பை உடனே நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் உங்கள் மெயிலை இன்பாக்ஸில் சேர்க்க ஜிமெயில் தயங்கும்.