ஏழு நாள் இட்லிக் கணக்கு: பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மும்பை மாட்டுங்காவில் என்னிடம் ட்யூஷனுக்கு வரும் ஒரு பையன், பி.எம்.எஸ். (மேலாண்மைப் பட்டப்படிப்பு) முதல் வருஷம். வீடு தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம். அவன் மாமா சைக்கிளில் இட்லி விற்பவர். காலையில் பாத்திரத்தை கேரியரில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கியபடி சயான், வடாலா என்று ஒரு சுற்று வருவார். ப்ராஜெக்டுக்கு என்ன எடுப்பது என்று பையன் முழித்துக்கொண்டிருந்தான். மாமா கணக்கையே எடுத்துக்கொள் என்றேன். ஒரு வாரம் கழித்து ஏழு எண்களோடு வந்தான்: 310, 295, 320, 305, 90, 300, 900. தொண்ணூறு விற்றது அடைமழை நாள். தொள்ளாயிரம், ஒரு கல்யாண ஆர்டர்.

சராசரி எவ்வளவு என்று கேட்டேன். லேப்டாப்பில் எக்ஸெல் 270 என்றது. நான் கையால் கூட்டிப் பார்த்தால் 2,520. ஏழால் வகுத்தால் 360.

"எக்ஸெல் எப்படி அக்கா தப்பா போடும்?" என்றான்.

எக்ஸெல் தப்பாகப் போடவில்லை. கடைசி செல்லில் இவன் '900 கல்யாணம்' என்று சேர்த்து அடித்திருந்தான். எழுத்து கலந்துவிட்டால் அது எக்ஸெலுக்கு எண் இல்லை. AVERAGE என்ற ஃபார்முலா அதைச் சத்தமில்லாமல் தாண்டிப்போய், மீதி ஆறு எண்களைக் கூட்டி ஆறால் வகுத்துவிட்டது. சிவப்புக் கோடு கிடையாது, எச்சரிக்கை கிடையாது. பன்னிரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகள் ஃபார்முலாவில் கோட்டை விடுவது குறைவு. ஃபார்முலாவைத் தொடுவதற்கு முன்னாலும், விடை வந்த பின்னாலும்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

இந்தத் தவறைப் பிடிக்க இரண்டு வழி உண்டு. நாம் எதையும் மாற்றாதவரை எக்ஸெலில் எண்கள் செல்லின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும். நெடுவரிசையைக் கண்ணால் ஒரு முறை மேலிருந்து கீழே பார்த்தாலே போதும். இன்னொன்று, சராசரிக்கு முன்னால் COUNT போடுவது; எத்தனை செல்லில் எண் இருக்கிறது என்று அது சொல்லும். ஏழு வர வேண்டிய இடத்தில் ஆறு வந்தால் அங்கேயே நிற்க வேண்டும். 'கல்யாணம்', 'மழை' மாதிரி குறிப்புகளுக்குப் பக்கத்தில் தனி நெடுவரிசை கொடுத்துவிடுங்கள்.

சின்னப் பையன் தவறு என்று சிரிக்க வேண்டாம். 2020-இல் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளைப் பழைய எக்ஸெல் வடிவத்தில் வாங்கினார்கள். அந்த வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைதான். அதற்கு மேல் வந்தது விழுந்துபோய், 15,841 தொற்றுகள் கணக்கில் ஏறாமல் ஒரு வாரம் கிடந்தன. அதற்கும் முன்னால், கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளாதார நிபுணர்கள் 2010-இல் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி எழுதிய ஆய்வு உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர் வகுப்பு வேலைக்காக அந்தக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார். சராசரி எடுத்த ஃபார்முலாவில் ஐந்து நாடுகளின் வரிசைகளே சேரவில்லை என்பது 2013-இல் வெளியே வந்தது. ஆய்வில் வேறு குறைகளும் இருந்தன என்றாலும், எனக்குப் பிடித்தது இந்தப் பகுதிதான். ப்ரொபசர் போட்ட கணக்கையும் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்!

சரி, இட்லிக்கு வருவோம்.

360 என்பது யாருடைய சராசரி?

செல்லைச் சரிசெய்ததும் 360 வந்தது. பையனுக்குத் திருப்தி. ஆனால் அந்த ஏழு நாளில் எந்த நாளிலும் மாமா 360-க்குப் பக்கத்தில்கூட விற்கவில்லை. இந்த எண்ணை நம்பித் தினமும் 360 இட்லி அவித்தால் சாதாரண நாளில் ஐம்பது அறுபது மிஞ்சும். இறங்குவரிசையிலோ ஏறுவரிசையிலோ அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 305. அதுதான் மீடியன், நம் பாடப்புத்தகத்தில் இடைநிலை அளவு. நாளைக்கு எத்தனை அவிக்கலாம் என்றால் 305 பக்கத்தில் இருக்கிறது பதில். வாரத்துக்கு அரிசி, உளுந்து எவ்வளவு வாங்கலாம் என்றால் மொத்தம்தான் முக்கியம். அப்போது 360-ஐ ஏழால் பெருக்கியதுதான் சரி. எது சரியான சராசரி என்று எக்ஸாமில் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பது தெரியாமல் அதற்குப் பதில் கிடையாது.

அடுத்த வாரம் ஒரு நாள் மாமாவுக்குக் காய்ச்சல், போகவில்லை. பையன் கேட்டான்: "சைபர் போடவா, காலியா விடவா?" நல்ல கேள்வி. காலியாக விட்டால் AVERAGE அந்த நாளைக் கணக்கில் எடுக்காது; சைபர் போட்டால் எடுக்கும். முதல் ஏழு நாளோடு இந்த ஒரு நாளைச் சேர்த்தால் முதல் வழியில் 360, இரண்டாம் வழியில் 315. தொழிலுக்குப் போன நாளின் சராசரி வேண்டுமா, காலண்டர் நாளின் சராசரி வேண்டுமா என்று முடிவு செய்துவிட்டு அப்புறம் அடியுங்கள். சர்வே ஃபாரத்தில் பதில் சொல்லாதவர்களுக்கு சைபர் போட்டுவிட்டு, 'மாதச் செலவு குறைவு' என்று ரிப்போர்ட் எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில் ஒரு சின்னக் குழப்பம். எக்ஸெலில் STDEV.S, STDEV.P என்று இரண்டு இருக்கும். முதலாவது ஒன்று குறைத்து, அதாவது ஆறால் வகுக்கும், அடுத்தது ஏழால். நம் ஏழு நாளுக்கு 251, 233 என்று வரும். ஏழு நாளை வைத்து வருஷத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றால் அந்த ஏழு நாள் ஒரு மாதிரி, அதாவது சாம்பிள், எனவே S. தரவு நூற்றுக்கணக்கில் போனால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதற்காக ராத்தூக்கம் கெட வேண்டாம்.

துருத்திக்கொண்டிருக்கும் எண்ணை வெட்டலாமா?

யூட்யூபில் யாரோ சொன்னார்கள் என்று பையன் 90-ஐயும் 900-ஐயும் தூக்கிவிட்டு 306 என்று எழுதிக்கொண்டு வந்தான். மீடியனுக்குப் பக்கத்தில் அழகாக வந்துவிட்டதே என்று சந்தோஷம் வேறு. எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

கல்யாண ஆர்டர் வேறு வியாபாரம். அது தெருவில் ஹாரன் அடித்து விற்றது இல்லை, ஒரே ஆள் முன்பணம் கொடுத்து வாங்கியது. அதைத் தனிக் கணக்காக வைப்பது நியாயம். ஆனால் மழை நாளை எப்படி வெட்டுவது? பம்பாயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைதானே வாழ்க்கை. அதை வெட்டினால், மாமா எந்த ஊரில் விற்கிறார் என்பதையே வெட்டிய மாதிரி. எண் பெரிதாக இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்பது மட்டும் காரணம் ஆகாது. ஏன் அப்படி வந்தது என்று விசாரித்து, வெட்டினால் வெட்டியதையும் காரணத்தையும் ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுத வேண்டும்.

மழை என்றதும் 2005 ஜூலை 26 நினைவுக்கு வராத மும்பைக்காரர் இருக்க முடியாது. அன்று சாந்தாக்ரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை. அதே நாளில் கொலாபாவில் 74-க்குள்தான். ஒரே நகரம்! இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 509 வரும். அது இரண்டு இடத்திலும் பெய்யாத மழை. 944-ஐ 'தரவுப் பிழை' என்று வெட்டியிருந்தால் அந்த நாளையே வெட்டியிருப்போம். கொலாபாவில் மட்டும் அளந்திருந்தால் சாதாரண மழைநாள் என்று எழுதியிருப்போம்.

எங்கே அளக்கிறோம் என்பதுதான் மாதிரி எடுப்பதன் கதை முழுவதும். வருஷா வருஷம் பத்து ப்ராஜெக்டாவது இப்படி வரும்: தலைப்பு 'மும்பை நுகர்வோரின் ஆன்லைன் ஷாப்பிங் பழக்கம்', தரவு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட கூகுள் ஃபாரம். பதில் சொன்னவர்கள் எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது, ஒரே காலேஜ், பாதிப் பேர் ஒரே பெஞ்ச். தலைப்பை 'எங்கள் வகுப்பு மாணவர்களின் பழக்கம்' என்று மாற்றினால் அதே தரவு நேர்மையாகிவிடும். ஆனால் யாரும் மாற்றுவதில்லை, தலைப்பு பெரிதாக இருந்தால் மார்க் வரும் என்று ஒரு நம்பிக்கை.

'நிறையப் பேரிடம் கேட்டால் சரியாகிவிடும்' என்பார்கள். ஆகாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறக்குறைய ஒரு கோடி பேருக்கு அஞ்சலில் வாக்குச்சீட்டு அனுப்பியது. சுமார் 24 லட்சம் திரும்பி வந்தன. ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48-இல் 46 மாநிலங்களைப் பிடித்தார். முகவரிகளைத் திரட்டியதில் டெலிபோன் டைரக்டரியும் கார் பதிவுப் பட்டியலும் முக்கியம். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் வைத்திருந்தவர் யார் என்று யோசித்தால் புரியும். போதாததற்கு, நான்கில் மூன்று பேர் பதிலே போடவில்லை. காலை எட்டரைக்கு மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் நின்று 'லோக்கலில் போகிறீர்களா' என்று ஆயிரம் பேரைக் கேட்பதும் இதே ரகம்தான்.

புள்ளியும் சதவீதமும்

பங்குச் சந்தை நடக்கும் தலால் ஸ்ட்ரீட் இருக்கும் ஊரில் படித்துக்கொண்டு இதில் சறுக்கக் கூடாது. 1992 ஏப்ரல் 28-இல் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 570 புள்ளி விழுந்தது. 2024 ஜூன் 4-இல் 4,390 புள்ளி விழுந்தது. எது பெரிய சரிவு? முதலாவதுதான். 1992-இல் அது 12.8 சதவீதம், 2024-இல் 5.7 சதவீதம். எதில் பத்து சதவீதம், எதில் ஐந்து சதவீதம் என்று அடிப்படையைக் கேட்காமல் எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடுவது செய்தித் தலைப்பு எழுதுகிறவர்களுக்குப் பழக்கம், நமக்கு வேண்டாம்.

இன்னொன்று. 2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை 6.5 சதவீதத்திலிருந்து 6.25 ஆக்கியது. '0.25 சதவீதம் குறைந்தது' என்று எழுதினால் வைவாவில் மாட்டுவீர்கள். குறைந்தது 0.25 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் ஏறக்குறைய 3.8.

ஒட்டுறவு, அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்தே ஏறி இறங்குவது (அதன் அளவுதான் r), பற்றி எல்லாப் புத்தகமும் எச்சரிக்கிறது, அதனால் சுருக்கமாக. குடை விற்பனை கூடும்போதெல்லாம் லோக்கல் ட்ரெயின் தாமதமாகிறது. அதற்காகக் குடையைத் தடை செய்தால் ட்ரெயின் நேரத்துக்கு வந்துவிடாது, இரண்டுக்கும் காரணம் மழை. ஆனால் புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒன்று உண்டு: r கண்டுபிடிப்பதற்கு முன் புள்ளிகளை வரைந்து பாருங்கள். ஃபிரான்சிஸ் அன்ஸ்காம்ப் 1973-இல் நான்கு சின்னத் தரவுத் தொகுதிகளைக் கொடுத்தார். நான்கிலும் x சராசரி 9, y சராசரி 7.5, ஒட்டுறவு 0.816. வரைந்தால் ஒன்று ஏறக்குறைய நேர்கோடு, ஒன்று வளைவு, ஒன்றில் ஒரே ஒரு புள்ளி கோட்டை இழுத்துக்கொண்டு போகிறது, கடைசியில் அந்த ஒரு புள்ளியை எடுத்துவிட்டால் உறவே இல்லை.

கடைசியாக p மதிப்பு. 0.03 வந்தால் 'என் கருத்து சரியாக இருக்க 97 சதவீதம் வாய்ப்பு' என்று எழுதுகிறார்கள். அது அர்த்தம் இல்லை. உண்மையில் வித்தியாசமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வித்தியாசமோ இதைவிடப் பெரிதோ தற்செயலாகக் கிடைக்க 3 சதவீதம் வாய்ப்பு, அவ்வளவுதான். இதில் இன்னொரு ஏமாற்றும் உண்டு: கிடைத்த எல்லா நெடுவரிசையையும் ஒன்றோடொன்று மோதவிட்டு, 0.05-க்குக் கீழே வந்ததை மட்டும் ரிப்போர்ட்டில் போடுவது. ஒன்றுமே இல்லாத இடத்தில் தனித்தனியாக இருபது சோதனை செய்தால், ஒன்றாவது அப்படி வந்துவிட 64 சதவீதம் வாய்ப்பு.

பையன் எல்லாவற்றையும் திருத்தி, மீடியன் 305 என்று சார்ட் போட்டு, மாமாவிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறான். மாமா 320 இருந்த கம்பத்தின் மேல் விரலை வைத்தாராம்.

"இந்த அன்னிக்கு எட்டரைக்கே தீந்துபோச்சுடா. வடாலாவுல நாலு பேரு கேட்டாங்க, இல்லன்னுட்டு வந்துட்டேன். அது எங்க எழுதியிருக்க?"

அது எங்கேயும் எழுதப்படவில்லை. இத்தனை வாரம் நானும் கேட்கவில்லை. விற்றதை எழுதினோம், எத்தனை பேர் கேட்டார்கள் என்பதை எழுதவில்லை. இருப்பு தீர்ந்த நாளில் விற்பனை எண் தேவையைக் காட்டாது, பாத்திரத்தின் கொள்ளளவைத்தான் காட்டும். இப்போது நோட்டில் இரண்டு புதிய நெடுவரிசைகள்: எத்தனை எடுத்துப்போனார், எத்தனை மணிக்குத் தீர்ந்தது. மாமாவுக்குக் கைக்கடிகாரம் கிடையாது, போனைப் பார்த்துச் சொல்கிறார்.