கலைவழிச் சிகிச்சைத் தொண்டுக்கு வெளிநாடு போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கிழக்குக் கரையில் வந்து இறங்கியவர்களில் மருத்துவர்களும் மீட்புப் பணியாளர்களும் மட்டும் இல்லை. வண்ணப் பென்சிலும் களிமண்ணும் கைப்பாவைகளும் கொண்டுவந்த உளநலத் தொண்டர்களும் இருந்தார்கள். சில குழுக்கள் முகாமில் பிள்ளைகளை உட்காரவைத்து, கடல் வந்ததை வரையச் சொல்லின. சில வாரங்களில் அவர்கள் கிளம்பிவிட, அடுத்த குழு வந்து அதே கடலை மறுபடி வரையச் சொன்னது.

இன்றைக்கும் லண்டனிலோ டொராண்டோவிலோ சென்னையிலோ ஓவியம், இசை, நாடகம், நடனம் வழியான சிகிச்சையைப் படித்துவிட்டு, வெளிநாட்டில் கொஞ்ச காலம் தொண்டு செய்யலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பை வைத்தே பேசுகிறேன். நேபாளத்துக்கோ வங்கதேச அகதி முகாமுக்கோ போகிறவருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, இருக்கப்போகும் நாளுக்கு மிஞ்சிய வேலையை எடுத்துக்கொள்வது. படம் வரையவைப்பது சாதுவான வேலை மாதிரித் தெரியும். ஆனால் வாயால் சொல்லாததைக் கை சொல்லிவிடும், அதனால்தானே இந்தத் துறையே இருக்கிறது! பத்து நாளில் ஒரு பிள்ளை மனம் திறந்து, பதினோராம் நாள் நீங்கள் விமானம் ஏறினால், அந்தப் பிள்ளைக்கு இன்னொருவர் விட்டுப்போன கணக்குதான் மிச்சம். ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பேரிடர்க்கால உளநலப் பணிக்கென 2007இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்து அனுப்பிவிடும் முறை வேண்டாம் என்று அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. அந்த முறை பிற்கால பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் அதற்கு முன்பே சொல்லியிருந்தார்கள். குறுகிய காலத்துக்குப் போகிறவர் விளையாட்டு, பாட்டு, கைவேலை என்ற அளவில் நின்றுகொள்ளலாம். யாராவது தானாகப் பேசினால் கேளுங்கள், தோண்டாதீர்கள்.

இதற்கு எதிர்த்திசையில் அதே ஊரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, கனடியக் கலைஞர் பால் ஹோகனும் இயேசு சபைத் துறவி பால் சற்குணநாயகமும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து, மாதக்கணக்கில் அதே தோட்டத்தில் அதே ஆட்களோடு மண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள், நாடகம் போட்டார்கள். கூட இருந்து நடத்தியவர்கள் உள்ளூர் இளைஞர்கள். வெளிநாட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை எது என்பது இதிலிருந்தே தெரியும். பிள்ளைகளோடு நேரடியாக உட்கார்வதைவிட, அங்கே ஏற்கெனவே இருக்கிற உளவளத்துணையாளர், ஆசிரியர், பிரதேச செயலக ஊழியர் ஆகியோரோடு உட்காருங்கள். அவர்கள் கேட்பதைச் சொல்லிக்கொடுங்கள், ஊர் திரும்பிய பிறகும் மாதம் ஒருமுறை இணையத்தில் அவர்களுடைய சிக்கல்களைக் கேளுங்கள். போட்டோ எடுக்க அழகாக இருக்காதுதான்.

அடுத்தது நம்மவர்களுக்கே உரிய தவறு: "நானும் தமிழ்தானே" என்ற தைரியம். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு டொராண்டோவின் ஸ்கார்பரோவில் பிறந்தவருக்கும், மதுரையிலிருந்து போகிறவருக்கும் மட்டக்களப்புப் பேச்சு பாதிதான் பிடிபடும். புரியாதபோது கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார்கள். சிங்களமும் தமிழும் தெரியாத ஜெர்மன்காரராவது மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வார்! அதைவிடச் சிக்கலானது, நீங்கள் யாருடைய ஆள் என்ற கேள்வி. கால் நூற்றாண்டுக்கு மேல் போர் கண்ட ஊரில் எந்த வீட்டில் தங்குகிறீர்கள், எந்தக் கோயில் அல்லது தேவாலயம் வழியாக வந்தீர்கள், யாருடைய வேனில் இறங்குகிறீர்கள் என்பதெல்லாம் பார்க்கப்படும். காத்தான்குடி போன்ற முஸ்லிம் ஊரில் இது இரட்டிப்பு. அங்கே சில குடும்பங்கள் உயிருள்ளவற்றின் உருவம் வரைவதை விரும்பமாட்டார்கள். ஆணும் பெண்ணும் கைகோத்துச் செய்கிற அசைவுப் பயிற்சி எடுபடவே எடுபடாது. "உன்னை நீயே வரை" என்று ஆரம்பிக்கும் முன் பள்ளி ஆசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

ஊரில் ஆறுதலுக்கு வழியே இல்லை, நாம்தான் கொண்டுபோகிறோம் என்று நினைப்பதும் இதன் தொடர்ச்சிதான். மட்டக்களப்பில் வடமோடி, தென்மோடி என்று இருவகைக் கூத்து உண்டு. கண்ணகி அம்மன் சடங்கும், அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியும் உண்டு. சாவு வீட்டில் ஒப்பாரி உண்டு. போர்க்காலத்தில் அங்கே களஆய்வு செய்த மானுடவியலாளர் பாட்ரிசியா லாரன்ஸ், காணாமற்போனவர்களின் தாய்மார் அம்மன் கோயில்களில் உருவேறி வாக்குச் சொல்பவர்களைத் தேடிப் போனதை எழுதியிருக்கிறார். வெளியில் வாய்திறக்க முடியாத காலத்தில், பிள்ளை இருக்கிறானா இல்லையா என்று சத்தமாகக் கேட்கக் கிடைத்த இடம் அது. உளவியலாளர் காயத்ரி பெர்னாண்டோவின் ஆய்வுகளில் இன்னொன்று வெளிப்படுகிறது: இலங்கையில் பலர் தம் துன்பத்தை மனசுக்குள் நடக்கும் கோளாறாக மட்டும் சொல்வதில்லை, குடும்பத்திலும் ஊரிலும் தனக்கிருந்த இடம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். அப்படியிருக்க, ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறையில் உட்காரவைத்து உள்ளுணர்வைக் கேட்பது அந்த ஊருக்கு ஒட்டாத முறை. பலபேர் சேர்ந்து செய்கிற ஒரு வேலை அதைவிட நன்றாகப் பிடிக்கும்.

படத்துக்கு விளக்கம் சொல்வதில் சிலருக்கு ஒரு ஆர்வம். சிவப்பு என்றால் கோபமாம், கறுப்பு என்றால் சோகமாம். அந்த முகாமில் யுனிசெப் கொடுத்த பெட்டியில் வேறு நிறம் தீர்ந்துபோயிருக்கலாம். வரைந்தவரே சொல்லட்டும்.

அனாதை இல்லங்களுக்குப் போகவே போகாதீர்கள் என்பேன். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருப்பது பலமுறை தெரியவந்திருக்கிறது. தொண்டர்கள் கொண்டுவரும் பணத்துக்காகவே பிள்ளைகள் சேர்க்கப்பட்ட கதைகளும் உண்டு. 2019இல் ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானமே இந்த வகைச் சுற்றுலாத் தொண்டின் கேட்டைக் குறிப்பிட்டது. தவிர, மாதம் ஒரு அக்கா வந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போகிற இடத்தில் கலைவழிச் சிகிச்சை என்று எதைச் செய்வது?

படங்கள் பிள்ளைகளுடையவை. பெயரை மறைத்துவிட்டோம் என்று இன்ஸ்டாகிராமில் போடுவது சரியல்ல. எரிந்த வீட்டை வரைந்த ஒரு பிள்ளையைச் சின்ன ஊரில் எல்லோருக்கும் தெரியும். முகாமில் "போடலாமா?" என்று கேட்டால், அரிசி கொடுக்கிற நிறுவனத்தோடு வந்தவரிடம் யார் மாட்டேன் என்பார்கள்?

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சம்பளம் இல்லை என்பதால் சுற்றுலா விசா போதும் என்று நினைக்காதீர்கள். நேபாளத்தில் அது அனுமதியில்லாத வேலை. பிரிட்டனில் விசிட்டர் விசாவில் பதிவு பெற்ற அறக்கட்டளைக்கு மட்டும், அதிகபட்சம் 30 நாள். அதே பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட், மியூசிக் தெரபிஸ்ட், டிராமா தெரபிஸ்ட் என்ற பெயர்களைப் பதிவில்லாமல் போட்டுக்கொண்டால் சட்டப்படி குற்றம். போகிற நாட்டில் அப்படிச் சட்டம் இல்லை என்பதால் மூன்று நாள் பட்டறை முடித்தவர் அங்கே தெரபிஸ்ட் ஆகிவிட முடியாது. காப்பீடு, உங்கள் வேலையைக் கேட்டுத் திருத்த ஒரு மூத்தவர், தற்கொலை எண்ணம் உள்ளவர் கண்ணில் பட்டால் யாரிடம் அனுப்புவது என்ற விவரம், மட்டக்களப்பில் என்றால் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு, எல்லாம் புறப்படும் முன்பே கையில் இருக்க வேண்டும். ஏற்பாடு செய்யும் நிறுவனத்திடம், எனக்கு முன் வந்தவர் என்ன செய்தார், எனக்குப் பின் யார் என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லை, கட்டண ரசீது மட்டும் வருகிறது என்றால் பணத்தைக் கட்டாதீர்கள்.

அப்புறம், பெட்டி நிறையப் பொருள் கட்டாதீர்கள். உயர்ரக ஆயில் பேஸ்டல் அந்த வெயிலில் இளகிவிடும். இளகாமல் இருந்தாலும் தீர்ந்த பிறகு அங்கே எளிதில் கிடைக்காது. களிமண், தென்னோலை, பழைய சேலை, டவுன் கடையில் கிடைக்கிற சாதாரண வண்ணங்கள் போதும். அங்கேயே, கூட வேலை செய்யப்போகிறவரை அழைத்துக்கொண்டு போய் வாங்குங்கள். எந்தக் கடையில் என்ன விலை என்று அடுத்த முறை அவருக்கே தெரியும்.