கிடாரியின் நெகட்டிவ் சீட்டை நம்பி ஏமாறாதீர்கள்

போன வியாழக்கிழமை ஈரோடு கருங்கல்பாளையம் சந்தையில், புதிதாகப் பண்ணை வைக்கும் தம்பி ஒருவர் ஏழு மாதக் கிடாரி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ரத்தம் பார்த்தாச்சுங்கண்ணா, புரூசெல்லா இல்லை" என்று சோதனைச் சீட்டை நீட்டினார். புரூசெல்லா என்பது, சினைமாடு குறைமாதத்திலேயே கன்றை வீசிவிடும் (கருச்சிதைவு) கன்று வீச்சு நோயின் கிருமி. தாய் எப்படி என்று கேட்டேன். "போன ஈத்துல கன்னு வீசுச்சாம், இந்த ஈத்து நல்லாத்தான் போட்டிருக்கு" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் ஏமாந்ததும் இப்படித்தான்.

கொட்டகைச் சுத்தம், தனித்தொட்டி பற்றியெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். இந்த நோயில் நாம் செய்யும், அதிகம் சொல்லப்படாத தவறுகளைச் சொல்கிறேன்.

கன்றின் ரத்தத்தை மட்டும் பார்ப்பது

கன்று வீச்சு நோய் உள்ள பசுவின் சீம்பாலைக் குடித்த கன்றுக்கு, முதல் நான்கைந்து மாதம் ரோஸ் பெங்கால் என்ற ரத்தச் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். அது தாய் கொடுத்த எதிர்ப்புப் பொருள். நோய் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அப்புறம் அது கரைந்து நெகட்டிவ் ஆகிவிடும். இங்கேதான் நாம் நிம்மதி அடைகிறோம். ஆனால் தாய் வயிற்றிலோ பாலிலோ கிருமி தொற்றிய கன்றுகளில் சில, நிணநீர் முடிச்சுகளில் அதை ஒளித்துவைத்துக்கொண்டே வளரும். ரத்தத்தில் ஒன்றும் தெரியாது. சினைப்பட்டு நஞ்சுக்கொடி வளர்ந்த பிறகுதான் கிருமி பெருகும்.

என் கிடாரி இரண்டாம் மாதத்தில் பாசிட்டிவ், எட்டாம் மாதத்தில் நெகட்டிவ். அத்தோடு சோதனையை நிறுத்தினேன். தலைச்சன் சினை, ஏழாம் மாதத்தில் வீசிவிட்டது. நஞ்சுக்கொடியும் விழவில்லை. அன்றே ரத்தம் எடுத்தோம், அதுவும் நெகட்டிவ்! "கால் வழுக்கியிருக்கும்" என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மற்ற மாடுகளோடே கட்டினேன். மூன்று வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில்தான் பிடிபட்டது. அதற்குள் கொட்டகை முழுக்கக் கிருமி. அடுத்த ஒரு வருடத்தில் ஒன்பது மாட்டில் நான்கு வீசின. அவற்றை இன்னொருவர் தலையில் கட்டவும் மனம் வரவில்லை. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

சரி, என்ன செய்வது? முதலில் தாயின் ரத்தத்தைப் பாருங்கள். அது பாசிட்டிவ் என்றால் அந்தக் கிடாரியைப் பண்ணைக்கு எடுக்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால், சினையின் ஐந்தாம் மாதத்திலிருந்து தனியே கட்டுங்கள். ஈன்றாலும் வீசினாலும் உடனே ஒரு முறை, மூன்று வாரம் கழித்து மறுமுறை ரத்தம் எடுங்கள். இரண்டாவது சீட்டு வரும்வரை மந்தையில் சேர்க்காதீர்கள்.

"ஒரு முறை வீசினால் சரியாகிவிடும்"

ஆகாது. அடுத்த ஈத்து நிறைமாதக் கன்று போட்டாலும் பாலிலும் நஞ்சுக்கொடியிலும் கிருமி வரும்.

தடுப்பூசியை மருந்தாக நினைப்பது

இந்த நோய்க்கான எஸ்19 தடுப்பூசி 4 முதல் 8 மாதக் கிடாரிகளுக்கு ஒரே முறை போடுவது. 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். அவசியம் போடுங்கள். ஆனால் உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருக்கும் கிருமியை அது அழிக்காது. காளைக்கன்றுக்கும் சினைமாட்டுக்கும் இந்த ஊசி கூடாது.

வீசிய கன்றை ஓடையில் எறிவது

நாய் இழுத்து ஊர் முழுக்கப் பரப்பும். ஆழக் குழி, சுண்ணாம்பு.

வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுப்பது

எங்கள் வீட்டில் அம்மாதான் எடுப்பார். அந்த வருடம் மூன்று மாதம் விட்டுவிட்டுக் காய்ச்சல், மூட்டுவலி. மலேரியா, டைபாய்டு என்று அலைந்த பிறகு, வீட்டில் மாடு இருக்கிறதா என்று ஒரு டாக்டர் கேட்டார். மாட்டின் கிருமிதான் அம்மாவுக்கும் தொற்றியிருந்தது. அதற்கப்புறம்தான் சரியான மருந்து கிடைத்தது. கையுறை இல்லாமல் யாரையும் கிட்டே விடாதீர்கள்.