பெரிய பகா எண்களில் பலரும் சறுக்கும் இடங்கள்

2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 பகா எண் என்று உறுதியானது. லூக் டுரான்ட் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் ‘உலகின் மிகப் பெரிய பகா எண்’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. பகா எண்களுக்கு முடிவே இல்லை என்று யூக்ளிட் எப்போதோ நிறுவிவிட்டார். ‘தெரிந்தவற்றில் பெரியது’ என்பதே சரி.

அந்த நிரூபணத்தையே தப்பாகப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் பகா எண் வந்துவிடும் என்று நினைப்பார்கள். 2×3×5×7×11×13 + 1 = 30031. இது 59 × 509. புதிய பகா எண் காரணியாக வரும் என்றுதான் யூக்ளிட் சொன்னார், விடையே பகா எண் என்று சொல்லவில்லை.

அதிகம் பேர் விழும் குழி வேறு. 2ᵖ − 1 பகா எண் என்றால் p-யும் பகா எண்ணாகத்தான் இருக்கும். இதை அப்படியே திருப்பிப் போடக் கூடாது. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹ − 1 = 2047 = 23 × 89. 2ᵖ − 1 வடிவ எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணமான பிரெஞ்சுத் துறவி மெர்சென்னே, பகா எண் தரும் p-களின் பட்டியலில் 67-ஐயும் சேர்த்துச் சறுக்கியிருக்கிறார். 2⁶⁷ − 1 பகு எண் என்று 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா காட்டினார். அதன் காரணிகளை 1903இல் அமெரிக்கக் கணிதர் கோல் கண்டுபிடித்தார்.

சரி, ஃபெர்மா சோதனை போட்டுப் பார்த்தால்? அதாவது, ஓர் அடியை (n-1) முறை பெருக்கி வந்ததை n-ஆல் வகுத்து, மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் n பகா எண் இல்லை (அடி n-இன் மடங்காக இருக்கக் கூடாது). 2-ஐ அடியாக வைத்தால் இந்த 2047 ஜம்மென்று தேறிவிடும். 2¹¹-ஐ 2047ஆல் வகுத்தால் மீதி 1. 2046 என்பது 11இன் மடங்கு. அப்புறம் 2²⁰⁴⁶-க்கும் மீதி 1தானே! p பகா எண்ணாக இருக்கும் எல்லா மெர்சென் எண்ணுக்கும் இதே கதி என்பதால் இங்கே அடி 2 எதற்கும் உதவாது. அடியை மாற்றித் தேறினாலும் ‘அநேகமாகப் பகா எண்’ என்றுதான் சொல்ல முடியும்.

உறுதி செய்வது லூக்கா–லெமர் சோதனை. 4இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி, 2 கழித்து, 2ᵖ − 1 ஆல் வகுத்த மீதியை எடுத்துக்கொண்டு p − 2 முறை போக வேண்டும். கடைசியில் 0 வந்தால் பகா எண், இல்லாவிட்டால் பகு எண். 31-க்கு (p = 5) மூன்றே படி: 14, அப்புறம் 194 என்பதன் மீதி 8, அப்புறம் 62, மீதி 0. 2047-க்கு ஒன்பதாவது படியில் 1736 நிற்கும். டுரான்டின் எண்ணும் முதலில் ஃபெர்மா சோதனையில் தேறி, பிறகு இதில்தான் உறுதியானது.

‘வங்கிப் பாதுகாப்புக்கு இந்தப் பெரிய பகா எண் உதவும்’ என்பதும் சும்மா. ஊருக்கே தெரிந்த எண்ணை யார் ரகசியச் சாவியாக வைப்பார்கள்? தகவலைப் பூட்டி அனுப்பும் ஆர்எஸ்ஏ முறைக்குச் சில நூறு இலக்கப் பகா எண்களே போதும்.

வரிசை எண்ணிலும் கவனம் வேண்டும். 2008 ஆகஸ்டில் 2⁴³¹¹²⁶⁰⁹ − 1 கிடைத்தது. அதைவிடச் சிறிய 2³⁷¹⁵⁶⁶⁶⁷ − 1 அடுத்த மாதம்தான் கிடைத்தது. இப்படி இடையில் இன்னும் தெரியாதவை இருக்கலாம். ஆகவே டுரான்டின் எண்ணை 52ஆவது மெர்சென் பகா எண் என்று எழுதினால், முன்னால் ‘இதுவரை தெரிந்ததில்’ என்று சேர்த்துவிடுங்கள்.