மலையிலிருந்து இறங்கிக் கடற்கரையில் நடக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் எங்கள் வீட்டுக்கு மேலே ரோட்டைத் தாங்கும் தடுப்புச் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். மழை பிடித்தால் அவற்றில் தண்ணீர் வடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுப்போம். துளை அடைத்துக்கொண்டால் பின்னால் தேங்கும் தண்ணீரே சுவரைத் தள்ளிவிடும். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். அதே கண்ணோடு கடற்கரைக்கும் போங்கள். சென்னையை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரம். கடல் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அப்போதுதான் ஈர மணல் அகலமாகக் கிடைக்கும். உலர்ந்த மணல் வேண்டாம். மேடு ஏறிப் பழகிய கால்தானே என்று நினைப்போம். அரை மணி நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, மெரினாவில் ரோட்டிலிருந்து அலை வரை நடந்து பாருங்கள். இவ்வளவு மணல் முன்பு இல்லை. கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்காக நகர்த்துகின்றன. 1870களில் துறைமுகச் சுவர் எழத் தொடங்கியபின் அந்த மணல் தெற்கே தங்கிவிட்டது, மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது.

அப்புறம் காசிமேடு தாண்டித் திருவொற்றியூர் பக்கம் போங்கள். கல் கொட்டிய சுவரும், மணலைப் பிடித்து நிறுத்தக் கடலுக்குள் நீளும் கல்வரிசைகளான தூண்டில் வளைவுகளும் அங்கே உண்டு. ஒரு வளைவருகே நின்று இருபக்க மணலையும் ஒப்பிடுங்கள். பெரும்பாலும் தென்பக்கம் மேடாக இருக்கும், வடபக்கம் உள்வாங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மணல் ஓட்டம் தெற்கே திரும்பும் என்பதால் அதற்கு முன்பே போவது நல்லது.

சுவரின் அடியையும் கவனியுங்கள். நம் மலைச்சுவரைப் பின்னாலிருந்து தண்ணீர் தள்ளும். இங்கே அலை மோதித் திரும்பும்போது அடிமணலைப் பறித்துக்கொண்டு போகிறது. பிடிப்பு போனதும் கல் சரிகிறது. மறுபடி மறுபடி கல் கொட்டுவது அதனால்தான்.

கற்கள்மேல் ஏறாதீர்கள். பாசி பிடித்த கல் நம் ஓடைப் பாறைபோல வழுக்கும். இடுக்கில் சிக்கிய காலை எடுப்பதற்குள் அடுத்த அலை வந்துவிடும். வளைவை ஒட்டிக் குளிக்கவே கூடாது, அதன் ஓரமாகத் தண்ணீர் உள்ளே இழுக்கும்.

மணலில் வலை விரித்திருந்தால் சுற்றிப் போங்கள். வலை சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம், "அண்ணே, முன்னே கரை எங்கே இருந்துச்சு?" என்று கேட்டேன். கடலுக்குள் ஆடிக்கொண்டிருந்த ஒரு படகைக் காட்டினார்.