தீவில் தங்கம் தேடப் போகும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கத்தில் புவியியல் படித்த பிள்ளைகள் சிலர் பப்புவா நியூ கினி, இந்தோனேசியா என்று தீவுகளுக்குத் தங்க ஆய்வு வேலைக்குப் போகிறார்கள். கிளம்புவதற்கு முன் என்னோடு பாலாற்று மணலில் அரித்துப் பழகுகிறார்கள். எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகள் அவர்கள் கையிலும் வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். செவ்வாத்தூரில் கிடைக்கும் வெர்மிகுலைட் என்னும் மைக்கா மாதிரிக் கனிமம் மினுமினுப்பதைத் தங்கம் என்று நினைப்பது, சாம்பிள் பைக்கு எண் போட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். ஒருமுறை பட்டாலே தெரிந்துவிடும்.

கோலாரை மனதில் வைத்துக்கொண்டு போவது

நம் ஊர்க்காரர்களுக்குத் தங்கம் என்றால் கோலார். சுமார் 270 கோடி ஆண்டுப் பழைய பாறை, அதில் ஒடுக்கமான வெள்ளைக் குவார்ட்ஸ் ரீஃப், அதாவது நரம்பு மாதிரி ஓடும் கல். அந்தப் பாறைப் பட்டை தெற்கே சித்தூர் மாவட்டத்துச் சிகர்குண்டா, பிசாநத்தம் வரை வருவதால் அந்தப் படம் கண்ணிலேயே நிற்கிறது.

எரிமலைத் தீவின் கதையே வேறு. பப்புவா நியூ கினியின் லிஹிர் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் கடலுக்குத் திறந்து கிடக்கும் எரிமலைக் குழிக்குள் தங்கம் இருக்கிறது. வயது பத்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. தரை இன்னும் சுடுகிறது. தங்கத்தில் பெரும்பகுதி பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருப்பதால், நேராகத் தங்கத்தைக் கரைக்கும் சயனைடில் போட்டால் சரியாக வராது. முதலில் அழுத்தக் கலத்தில் பைரைட்டை ஆக்ஸிஜனேற்றம் செய்தாக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் வெள்ளைக் கல்லை மட்டும் தட்டிக்கொண்டு, களிமண்ணாகிப்போன சாம்பல் நிறப் பாறையைத் தாண்டிப் போகிறவன் தங்கத்தையே தாண்டிப் போகிறான்.

பையைக் களத்திலேயே பாதியாக்குவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

"சார், தூக்க முடியல சார், பாதிப் பாதியாக் குறைச்சுட்டேன்" என்று ஒரு பையன் சொன்னான். ஐந்து கிலோப் பைகளின் வாயைப் பிரித்து, மேலாக இருந்ததைக் கீழே கொட்டியிருந்தான். சில பைகளில் மேல்பகுதியை எடுத்துக்கொண்டு அடியை விட்டிருந்தான். மலைப்பாதையில் குலுங்கி வந்த பையில் தங்கம் எங்கே இருக்கும்? குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, தங்கத்துடையது 19.3. நகைப்பட்டறைச் சாக்கடை மண்ணை அரிப்பவரைக் கேளுங்கள், மேல் மண்ணை வைத்துக்கொண்டு அடி மண்ணைக் கொட்டுவாரா என்று.

கணக்கைப் பாருங்கள். ஃபயர் அசேக்கு (தூளை உலையில் உருக்கித் தங்கத்தைப் பிரித்து அளக்கும் சோதனைக்கு) ஆய்வுக்கூடம் எடுப்பது பெரும்பாலும் 30 கிராம் அல்லது 50 கிராம் தூள். டன்னுக்கு 5 கிராம் என்றால் 30 கிராம் தூளில் இருக்கும் தங்கம் 150 மைக்ரோகிராம். அவ்வளவும் ஒரே உருண்டையாக இருந்தால் அதன் குறுக்களவு கால் மில்லிமீட்டர். அந்த ஒரு துகள் உள்ளே விழுந்தால் 5 கிராம், விழாவிட்டால் பூஜ்யம். அதாவது உடைக்காத கல்லைக் கையால் பங்கு போடும்போது அந்த மலையின் தலையெழுத்தை நீங்கள் எழுதிவிடுகிறீர்கள்.

ஒரு சிறு தீவில் இதைக் கண்ணால் பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பாதை கிடையாது; அகழியில் எடுத்த சாம்பிள்களைத் தோளில் சுமந்துதான் படகுக்குக் கொண்டுவர வேண்டும். சுமையைக் குறைக்கச் சொல்லி மேலே இருந்தவரே உத்தரவு போட்டார். முடிவு வந்தது: ஒரு பையில் பெரிய எண், அக்கம்பக்கத்துப் பைகளில் ஒன்றுமே இல்லை. அந்த ஒற்றை எண்ணின் அடியில் டிரில் போட்டார்கள். தீவுக்கு ரிக் கொண்டுவருவது என்றால் எவ்வளவு செலவு! அடியில் எதுவும் இல்லை. பிறகு அதே அகழியில் முழுப் பைகளாக எடுத்து, அரைத்துச் சலித்து, சல்லடையில் தங்கியதை மொத்தமாக அசே செய்தபோதுதான், 'ஒன்றுமில்லை' என்று விட்ட இடத்தில் தங்கம் பரவலாக இருப்பது தெரிந்தது. அதற்குள் பணம் தீர்ந்துவிட்டது.

சுமக்க முடியவில்லை என்றால் இடங்களைக் குறையுங்கள், பையைக் குறைக்காதீர்கள். பை முழுசாக ஆய்வுக்கூடம் போகட்டும். கிரஷரில் 2 மில்லிமீட்டருக்குக் கீழே உடைத்த பிறகு ரிஃபிள் ஸ்ப்ளிட்டர் என்னும் பங்கு போடும் கருவியில் பிரிக்கட்டும். லிஹிர் மாதிரி பைரைட்டுக்குள் நுண்மையாகப் பரவிய தங்கத்துக்கு இந்தத் தொல்லை குறைவுதான். ஆனால் உங்கள் தீவில் எந்த வகைத் தங்கம் என்று முதல் நாளே யாருக்குத் தெரியும்?

ஓடையில் இல்லை, அதனால் மலையில் இல்லை

சிறு தீவின் ஓடை குட்டையானது, செங்குத்தானது. ஒரு பெருமழையில் மணல் கடலுக்குப் போய்விடும். தட்டில் ஒன்றும் தங்கவில்லை என்பதை வைத்து மலையைக் கைவிடாதீர்கள். இரண்டு மூன்று கிலோ மணலை மொத்தமாகச் சயனைடில் ஊறவைத்துப் பார்க்கும் முறை இருக்கிறது, அதற்கு அனுப்புங்கள்.

மோதிரம்

கையில் இருக்கும் தங்கம் உரசிச் சாம்பிளில் கலந்துவிடும். கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அரைஞாணும் சேர்த்து.

கோர் முழுவதையும் அரைக்க அனுப்புவது

போர்னியோ தீவின் புசாங்கில் பிரே-எக்ஸ் நிறுவனம் கோரில் (டிரில் போட்டு எடுக்கும் உருளைக் கல்லில்) பாதியை வெட்டி வைத்துக்கொள்ளாமல் முழுவதையும் உடைக்க அனுப்பியது. சாம்பிளில் வெளித்தங்கம் கலந்தது 1997இல் அம்பலமானது. பாதி கோர் பெட்டியில் இருந்திருந்தால் யார் வேண்டுமானாலும் முன்பே சரிபார்த்திருக்கலாம்.

வெறுங்கல்லை மணலாகப் போடுவது

சாம்பிள்களுக்கு நடுவே தங்கமில்லாத ஒன்றைச் சேர்த்து அனுப்பச் சொன்னால் பலரும் ஆற்று மணலை நிரப்பிவிடுகிறார்கள். மணலைக் கிரஷரில் உடைக்கத் தேவையில்லை. அதனால் முந்தைய பையின் தங்கம் கிரஷரில் ஒட்டியிருக்கிறதா என்று அது காட்டாது. ஏற்கெனவே அசே செய்து தங்கமில்லை என்று உறுதியான குவாரிக் கல்லை, கைப்பிடி அளவுத் துண்டுகளாகப் போடுங்கள். அதிலும் நன்றாகத் தங்கம் வரும் என்று நினைக்கிற பைக்கு அடுத்த எண்ணில் போடுங்கள்.