கிரீஸ்ல தீவு தீவா சுத்தப் போறீங்களா? இதையெல்லாம் பண்ணிடாதீங்க

கிரீஸ் போறேன்னு சொல்றவங்க பிளானை வாங்கிப் பாத்தா, ஒரே வாரத்துல சாண்டோரினி, மிக்கோனோஸ், பாரோஸ், நாக்சோஸ், அதோட கோர்ஃபுவும் இருக்கும். கோர்ஃபு இருக்குறது நாட்டோட மேற்குப் பக்கம் அயோனியன் கடல்ல, மத்த நாலும் கிழக்க ஈஜியன் கடல்ல சைக்ளேட்ஸ்னு சொல்ற தீவுக்கூட்டத்துல, ரெண்டுக்கும் நடுவுல நேரா ஃபெர்ரியே கிடையாது. ஏதென்ஸ் திரும்பி வந்து பிளைட் பிடிக்கணும், அதுலயே ஒரு நாள் போயிடும். ஒரு தீவுக்கூட்டத்தை மட்டும் எடுத்துக்கோங்க, அதுலயும் ஒரு வாரத்துக்கு ரெண்டு தீவு, மிஞ்சிப் போனா மூணு.

இதைவிடப் பெரிய தப்பு, காத்தைக் கணக்குல எடுக்காம டிக்கெட் போடுறது. ஜூலை, ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்க இருந்து ஒரு காத்து வரும், வானம் பளிச்சுன்னு நீலமா இருக்கும், மழையே இருக்காது, ஆனா கடல் மட்டும் கொந்தளிக்கும், சில சமயம் நாள்கணக்கா விடாது. காத்து கூடிப்போச்சுன்னா துறைமுகத்துலயே கப்பலை நிறுத்திடுவாங்க, முதல்ல நிக்கிறது கேட்டமரான்னு சொல்ற ஸ்பீடு போட்தான், பெரிய கப்பல் இன்னும் கொஞ்சம் தாங்கும். அதனாலதான் தீவுல இருந்து காலைல ஃபெர்ரி, சாயங்காலம் ஏதென்ஸ்ல ஊருக்கு பிளைட்னு போடவே போடாதீங்கன்னு சொல்றேன், கடைசி ராத்திரியை ஏதென்ஸ்லயே வச்சுக்கோங்க.

ஸ்பீடு போட்தான் நல்லதுன்னு நினைக்கிறதும் தப்புதான். ஏதென்ஸ் பக்கத்துல இருக்குற பிரேயஸ் துறைமுகத்துல இருந்து சாண்டோரினிக்கு அது சுமார் 5 மணி நேரம், பெரிய கப்பல் 8 மணி நேரம் கிட்ட எடுக்கும், உண்மைதான். ஆனா பெரிய கப்பல்ல டிக்கெட் விலை கம்மி, ஆட்டமும் கம்மி, முக்கியமா மேல்தளத்துல வெளிய நிக்கலாம். 3,600 வருஷத்துக்கு முன்னாடி வெடிச்ச எரிமலையோட பள்ளத்துக்குள்ளதான் கப்பல் நுழையுது, செங்குத்தான பாறை, உச்சில வெள்ளை வெள்ளையா வீடுங்க, அந்தக் காட்சியை கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்து பாக்குறது ரொம்ப அநியாயம்.

சாண்டோரினில எல்லாரும் ஓயாங்கிற கிராமத்துல சூரியன் மறையுறதைப் பாக்க கூட்டத்துல இடிபடுறாங்க, அக்ரோதிரியை விட்டுடுறாங்க. அதே வெடிப்புல சாம்பலுக்கு அடில போன ஊரு அது, 1967ல தோண்ட ஆரம்பிச்சாங்க, மாடி வீடு, வடிகால், பெரிய பெரிய ஜாடி எல்லாம் அப்படியே கிடக்கு. மனுஷ எலும்புக்கூடு கிடைக்கல, ஜனங்க முன்னாடியே கிளம்பிப் போயிருக்கணும்னு சொல்றாங்க. அதே மாதிரி மிக்கோனோஸ் போயிட்டு டெலோஸ் பாக்காம வராதீங்க, போட்ல அரை மணி நேரம்தான், அப்போலோ கடவுள் பிறந்த இடம்னு பழைய கிரேக்கர்கள் கும்பிட்ட தீவு, ராத்திரி தங்க விடமாட்டாங்க, அதனால காலைல முதல் போட்லயே போயிடுங்க.

சைவம் சாப்பிடுறவங்க பயந்து பை நிறைய பாக்கெட் சாப்பாடு தூக்கிட்டுப் போக வேண்டாம், சாண்டோரினி ஃபாவா நம்ம பருப்புக் கடைசல் மாதிரியே இருக்கும், மேல வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும் போட்டுத் தருவாங்க. தக்காளிக்குள்ள அரிசி வச்ச கெமிஸ்தாவும் கிடைக்கும், கறி போடாததான்னு மட்டும் கேட்டுக்கோங்க.

ஆகஸ்ட் 15 மாதா திருநாள், சைக்ளேட்ஸ்லயே இருக்குற டினோஸ் தீவுக்கு நாடு முழுக்க இருந்து ஜனங்க வருவாங்க, அந்த வாரம் போறதா இருந்தா ஃபெர்ரியும் ரூமும் ரொம்ப முன்னாடியே போட்டுடுங்க, இல்லன்னா செப்டம்பருக்குத் தள்ளுங்க, தண்ணி அப்பவும் குளிக்கிற சூட்டுலதான் இருக்கும்.